ஏடும் தட்டும்: நலிந்த வன்தட்டிலிருந்து பாடம் மீட்டல்

முன்னுரை

தமிழ் நூல்கள் அழிந்த வரலாற்றைக் கூறப் புகுவோர் கடல்கோளையும் கறையானையும் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடப்பட்ட ஏடுகளையும் சொல்வர். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாண நூலகத்தில் வைக்கப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்ததை அவ்வரிசையில் சேர்ப்பர். நம் காலத்தில் வேறோர் அழிவு ஓசையின்றி நடந்து வருகிறது. ஆய்வேடுகளும் மாணவர் திரட்டிய நாட்டுப்புறப் பாடல்களும் ஒலிப்பதிவுகளும் கடைத்தெருவில் ஹார்டு டிஸ்க் என வழங்கும் வன்தட்டு ஒன்றில், ஒரே படியாக, தங்கிக் கிடக்கின்றன. அத்தட்டு ஒருநாள் படிக்க மறுக்கிறது. உரியவர் அதைக் கைவிடுகிறார், அல்லது தெரியாதவர் கையில் கொடுத்து இருந்ததையும் இழக்கிறார்.

நலிந்த வன்தட்டிலிருந்து செய்திகளை மீட்க லினக்ஸ் இயங்குதளத்தில் விலையின்றிக் கிடைக்கும் கருவிகளைத் தமிழ் மாணவர்க்கு அறிமுகம் செய்வது இக்கட்டுரையின் நோக்கம். இது கணினித் துறையார் பணி அன்றோ எனச் சிலர் வினவலாம். ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தோர் கைக்கொண்ட நெறிக்கும் இக்கருவிகள் செயற்படும் நெறிக்கும் வியப்பூட்டும் ஒற்றுமை உண்டு. மூலபாட ஆய்வை ஒரு பாடமாகப் பயின்ற தமிழ் மாணவர்க்கு இவ்வேலை கணினி மாணவரைக் காட்டிலும் எளிதாகப் பிடிபடும் என்பது என் துணிபு.

நம் வட்டாரத்துத் தட்டுகள்

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டு வளர்ந்த ஊர் சிவகாசி. நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடக் குறிப்பேடும் அச்சாகும் அவ்வூரில் 1990களில் ஈய எழுத்துகள் ஓய்ந்து கணினி வடிவமைப்பு நிலையங்கள் தெருவுக்குத் தெரு தோன்றின. இம்மாவட்டத்துச் சிற்றிதழ்களும் பள்ளிவாசல், கோயில், தேவாலய விழா மலர்களும் ஊர் வரலாற்று நூல்களும் அந்நிலையங்களில்தாம் தட்டச்சாயின. அச்சான நூலின் படி தீர்ந்துபோன பிறகு, அதன் மூலம் எங்கேனும் இருக்குமாயின், அந்நிலையத்துப் பழைய தட்டில்தான் இருக்கும்.

நூல் மட்டுமன்று. பட்டாசு ஆலைகளின் வருகைப் பதிவும் கூலிப் பட்டியலும் இன்று கணினியில் ஏறிவிட்டன. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்ததைப் போன்ற வெடிவிபத்துகளை அறிந்தவர்கள் நாம். விபத்தில் இறந்தவரின் குடும்பம் சட்டப்படி இழப்பீடு கோரும்போது, அவர் அங்கே வேலை செய்தார், இன்ன கூலி பெற்றார் என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்று ஒரு தட்டில் மட்டும் இருந்து அத்தட்டும் நலிந்துவிட்டால் இழப்பு அக்குடும்பத்துக்கே. ஆதலின் இக்கலை ஏட்டுக்கல்வியாக நின்றுவிடுவதன்று.

தட்டு எழுதும் முறை

உலகின் முதல் வன்தட்டுக் கருவியை ஐபிஎம் நிறுவனம் 1956ஆம் ஆண்டு வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பதை ஓர் அச்சில் கோத்த அப்பேருருவில் ஐம்பது இலட்சம் எழுத்துக் குறிகளை மட்டுமே சேமிக்க முடிந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் தட்டு அதனைப்போல் பல இலட்சம் மடங்கு கொள்ளும். அமைப்பு மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் படிப்பு முனை ஒன்று, மயிரிழையின் பருமனைப் பல்லாயிரம் கூறிட்டால் வரும் இடைவெளியில், தட்டைத் தொடாமல் மிதக்கிறது. தொட்டால் பூச்சு கீறும்; கீறிய இடத்தின் எழுத்து போயிற்று. ஓலையில் எழுத்தாணி கீறினால் எழுத்துப் பிறக்கும். இங்கே கீறல் எழுத்தை அழிக்கும்.

தட்டின் பரப்பு சிறு சிறு பாத்திகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் ஒரு பாத்தி 512 பைட்டுக் கொள்ளும். 2010ஐ ஒட்டி வந்த புதிய தட்டுகளில் 4,096 பைட்டு. 512 பைட்டு என்பது எவ்வளவு? பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த தாலாட்டுப் பாட்டு ஒன்று ஏறத்தாழ அதில் அடங்கும். ஆகவே ஒரு பாத்தி பழுதானது என்றால் ஒரு பாட்டுப் போயிற்று என்று கொள்ளலாம்.

நலிவின் அறிகுறிகள்

தட்டு திடீரெனச் சாவது அரிது. பெரும்பாலும் முன்னறிவிப்புத் தரும். கோப்பு ஒன்றைத் திறக்க வழக்கத்தினும் நெடுநேரம் ஆகும். கணினி இடையிடையே உறைந்து நிற்கும். கோப்புறையின் பெயர்கள் சிதைந்து தோன்றும். நம் வட்டாரத்துக் கோடை வெப்பமும் நிலையற்ற மின்சாரமும் தட்டுக்குப் பகை. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழகம் கண்ட நீண்ட மின்வெட்டின்போது, எழுதிக்கொண்டிருக்கையிலேயே மின்சாரம் இழந்த கணினிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

தட்டே தன் உடல்நிலையைப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஸ்மார்ட் எனப்படும் அப்பதிவைப் படிக்க ‘ஸ்மார்ட்மான்டூல்ஸ்’ என்னும் கருவித் தொகுதி லினக்சில் உள்ளது. இதனைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன் என்னும் இயற்பியலாளர். இதன் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளை காட்டும் நீண்ட பட்டியலில் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும். 5ஆம் எண், பழுதாகி மாற்றிடம் தரப்பட்ட பாத்திகளின் தொகை. 197, படிக்க இயலாமல் ஐயத்தில் வைக்கப்பட்டவை. 198, சோதித்தும் படிக்க முடியாதவை. இவை சுழியாக இருத்தல் நன்று. 197ஆம் வரியில் எண் நாளுக்கு நாள் ஏறுமாயின் அத்தட்டில் இனி ஒரு சொல்லும் எழுதலாகாது.

தட்டிலிருந்து ‘டக், டக்’ என ஒரே சீராக ஒலி எழுந்தால் நிலைமை வேறு. படிப்பு முனை தன் இடத்தைக் காணாமல் அலைகிறது என்பது அதன் பொருள். உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். அந்நிலையில் கீழே கூறும் எந்தக் கருவியும் உதவாது. தூசு நீக்கிய அறையில் தட்டைத் திறந்து முனையை மாற்றவல்ல வல்லுநரிடமே அது செல்ல வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் தட்டை வைத்தெடுத்தால் ஓடும் என்று சிலர் கூறும் கைவைத்தியம் ஈரத்தை உள்ளே வரவழைக்கும். அதை நம்ப வேண்டா.

முதற்பணி படியெடுத்தல்

தட்டு படிக்க மறுத்ததும் பலரும் முதலில் செய்வது பழுது பார்த்தல். விண்டோஸ் தானே ‘செக் டிஸ்க்’ ஓட்டட்டுமா என்று கேட்கிறது. ‘ஃபார்மட்’ செய்யட்டுமா என்றும் கேட்கிறது. ஆம் என்று அழுத்துவோர் பலர். இரண்டும் மூலத்தின்மேல் எழுதும் செயல்கள். நொறுங்கும் ஓலையை நிமிர்த்துவதாக எண்ணி அழுத்துவதற்கு இவை ஒப்பாகும்.

பழஞ்சுவடியைக் கட்டவிழ்க்கும்போதே ஓரம் உதிர்வதையும் புரட்டும்போதே இதழ் ஒடிவதையும் சி.வை. தாமோதரம் பிள்ளை தம் பதிப்புரையில் வருந்திக் கூறியுள்ளார். படிக்கும் செயலே படிக்கப்படும் பொருளைத் தேய்க்கிறது. அதனால்தான் பதிப்பாசிரியர்கள் முதலில் படியெடுத்துக்கொண்டு, ஆராய்ச்சியைப் படியின்மேல் நடத்தினர். நலிந்த தட்டும் அவ்வாறே. அதில் எஞ்சியிருப்பது இத்தனை மணி நேர ஆயுள்தான். அதைக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதில் செலவிடலாகாது. முழுத் தட்டையும் பாத்திக்குப் பாத்தி வேறொரு தட்டுக்குப் படியெடுத்துவிட்டு, மூலத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

இதற்கு லினக்ஸ் ஏன்? லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் 1991இல் தொடங்கிய இவ்வியங்குதளத்தைப் பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கலாம். ‘சிஸ்டம்ரெஸ்கியூ’ என்னும் தொகுப்பு இப்பணிக்கெனவே ஆனது, உபுண்டுவும் உதவும். நாம் சொன்னாலன்றி நலிந்த தட்டின் கோப்புகளைத் திறக்காமல், தட்டை வெறும் பாத்தி வரிசையாகப் பார்க்க அது இடங்கொடுக்கும். படத்திரையோடு வரும் லினக்ஸ் சில, இணைத்த தட்டைத் தாமே திறக்க முனைவதுண்டு. அதை முதலில் நிறுத்திவிட வேண்டும்.

படியெடுக்க ‘டிடி’ என்னும் பழைய கட்டளை உண்டு. அது நல்ல தட்டுக்கு உரியது. முதற்பிழை கண்டதும் நின்றுவிடும். நலிந்த தட்டுக்கு உரியது அந்தோனியோ டியாஸ் டியாஸ் இயற்றிய ‘குனு டிடிரெஸ்கியூ’. இதன் முதற்பதிப்பு 2004ஆம் ஆண்டினது. ஏறத்தாழ அதே பெயரில் கர்ட் கார்லோஃப் என்பாரின் வேறொரு கருவியும் உண்டு. மாணவர் மயங்குதல் கூடாது.

டிடிரெஸ்கியூவுக்கு மூன்று பெயர்களைத் தர வேண்டும்: மூலம், படி, குறிப்பேடு. முதலிரண்டின் வரிசை மாறினால் வெற்றுத் தட்டு மூலத்தின்மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு மீட்பு என்ற பேச்சே இல்லை. லினக்சில் தட்டுகள் எஸ்டிஏ, எஸ்டிபி என்றாற்போன்ற பெயர் பெறும். மறுமுறை இயக்கும்போது அப்பெயர்கள் இடம் மாறவும் கூடும். எனவே ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையால் ஒவ்வொரு தட்டின் கொள்ளளவையும் தொடர் எண்ணையும் பார்த்து, தட்டின் மேலொட்டியுள்ள சீட்டோடு ஒப்பிட்டு, தாளில் எழுதிவைத்துக்கொண்ட பின்னரே கட்டளை இடுக. படி எழுதும் தட்டு மூலத்தினும் பெரிதாயிருத்தல் வேண்டும்.

இக்கருவியின் நுட்பம் அது வேலை செய்யும் முறைமையில் உள்ளது. முதற்சுற்றில் எளிதாகப் படிக்கக் கூடியவற்றையெல்லாம் விரைந்து எடுத்துக்கொள்கிறது. இடர்ப்பாடு கண்ட இடத்தில் நின்று போராடாமல் தாண்டிச் செல்கிறது. தாண்டியவற்றின் ஓரங்களை அடுத்த சுற்றில் ஒழுங்கு செய்கிறது. அதன் பிறகே எஞ்சிய இடத்தைப் பாத்தி பாத்தியாகத் துருவுகிறது. இறுதியில், நாம் கேட்டால், படியாதவற்றை மீண்டும் மீண்டும் முயல்கிறது. தட்டு பாதியில் இறந்தாலும் பெரும்பகுதி முன்பே கைக்கு வந்திருக்கும். என் கருத்தில் முதல் ஓட்டத்தைத் துருவுதல் வேண்டா என்னும் கட்டளையோடு நடத்தி, தட்டை ஆறவிட்டு, இரண்டாம் ஓட்டத்தில் மும்முறை முயலச் சொல்வது நன்று. முன்னிருந்து படிக்க வராத இடம் பின்னிருந்து வரும்போது படிப்பதும் உண்டு. அதற்கும் ஒரு விருப்பச்சொல் இருக்கிறது.

விடுபாட்டைக் குறித்தல்

மூன்றாவதாகச் சொன்ன குறிப்பேடுதான் இக்கருவியின் உயிர். தட்டின் ஒவ்வொரு பகுதியும் எந்நிலையில் உள்ளது என்பதை அது குறித்துக்கொண்டே வருகிறது. மீண்ட பகுதிக்கு + என்னும் குறி, இன்னும் தொடாததற்கு? என்னும் குறி, ஓரம் ஒழுங்கு செய்யாததற்கு *, துருவாததற்கு /, படிக்கவே முடியாததற்கு - என்னும் குறி. மின்சாரம் நின்றாலும் நாமே நிறுத்தினாலும், மறுநாள் அதே கட்டளையை இட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறிப்பேட்டின் பெயரைத் தராமலும் இக்கருவி ஓடும். அவ்வாறு ஓட்டுவது அடிக்குறிப்பில்லாத பதிப்பை வெளியிடுவதற்கு நிகர்.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் புறநானூற்றை நினைக்க வேண்டும். அதன் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. நற்றிணையில் 234 இல்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. இல்லாதவற்றை விட்டுவிட்டு எண்களை நெருக்கி வரிசைப்படுத்தியிருந்தால் இழப்பு நடந்ததே நமக்குத் தெரிந்திராது. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது தம் புலமையால் ஓர் அடியைப் புனைந்து இடைவெளியை நிரப்பியிருக்கலாம், யார் கண்டுபிடித்திருப்பர்? அவர் செய்யவில்லை. சிதைந்த இடத்தில் புள்ளியிட்டார்.

டிடிரெஸ்கியூவிலும் புள்ளியிட வழியுண்டு. படிக்க முடியாத பாத்திகள் படியில் வெறுமையாக நிற்கும். வெறுமை எங்கே இருக்கிறது என்று கண்ணால் காண முடியாதன்றோ? ஆகவே, குறிப்பேட்டைக் கொண்டு, அவ்விடங்களிலெல்லாம் நாம் விரும்பும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் செய்யலாம். பிறகு எந்தெந்தக் கோப்பில் அச்சொல் வருகிறது என்று தேடினால், சிதைந்த கோப்புகளின் பட்டியல் கிடைத்துவிடும். இதனைப் படியின் மறுபடி ஒன்றில் செய்வதே முறை.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரே செய்தி பதிந்த இரு குறுவட்டுகள் இருந்து இரண்டும் வெவ்வேறு இடங்களில் கீறியிருந்தால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டையும் ஒரே படிக்கும் ஒரே குறிப்பேட்டுக்கும் ஓட்டலாம். முதலில் விடுபட்டதை இரண்டாவது நிரப்பும். இதுவே பிரதி ஒப்பீடு. குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் பட்டியலில் சில பெயர்கள் கையிலிருந்த ஏடுகளில் விடுபட்டிருக்கக் கண்டு, உ.வே.சா. அலைந்து தேடித் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்ட செய்தி நம் மாணவர் அறிந்ததே. இடைவெளியை இடைவெளியாக வைத்திருந்ததனால்தான் வேறோர் ஏட்டைத் தேட வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது.

பெயரிழந்த துணுக்குகள்

படி கைக்கு வந்த பிறகு, அதைப் படிக்க மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு திறந்து பார்க்க வேண்டும். கோப்புறைகள் செம்மையாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. தட்டின் பிரிவு அட்டவணை சிதைந்திருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே இயற்றிய ‘டெஸ்ட்டிஸ்க்’ அதனை மீளக் கட்டித் தரும். சுவடியின் ஏட்டெண் மட்டும் சிதைந்து பாடம் நன்றாயிருப்பதைப் போன்றது அந்நிலை.

கோப்புறையே அழிந்திருந்தால் அவரே இயற்றிய ‘ஃபோட்டோரெக்’ துணைவரும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. பிடிஎஃப் கோப்பு தன் பெயரைத் தானே சொல்லித் தொடங்கும்; ஒளிப்படக் கோப்புக்கு மாறாத முதற்குறிகள் சில உண்டு. ஃபோட்டோரெக் தட்டின் படி முழுவதையும் முதலிலிருந்து கடைசிவரை வாசித்து, முத்திரை கண்ட இடத்தில் கோப்பைப் பிரித்தெடுக்கிறது. கிடைப்பவற்றுக்குப் பெயரும் இராது, இருந்த கோப்புறையும் தெரியாது. எண்ணிட்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து குவியும். தட்டில் சிதறிச் சிதறி எழுதப்பட்ட கோப்பாயின் முதற்பகுதி மட்டும் வரும்.

இது நமக்குப் புதிதன்று. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் ஏடாகக் கிடைக்கவில்லை; புறத்திரட்டு என்னும் தொகையில் சிதறிக் கிடந்த நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே அதன் எச்சம். இன்று கிடைத்துள்ள இசுலாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையது எனக் கருதப்படும் பல்சந்தமாலையும் அத்தகையதே. களவியற் காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்ட எட்டுப் பாடல்களைத் தவிர அந்நூலில் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நூலை இயற்றியவர் பெயரும் தெரியவில்லை. யாரோ ஓர் உரையாசிரியர் பிறிதொரு தேவைக்காக எழுதிவைத்ததால் ஒரு நூல் இருந்தது என்பதாவது தெரிய வந்தது. குவிந்து கிடக்கும் பெயரற்ற கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இது யாருடையது, எதனோடு சேர்ந்தது என்று ஆராய்வதில் கருவிக்கு வேலை இல்லை. அங்கே புலமை வேண்டும், பொறுமை அதனினும் வேண்டும்.

எழுத்துரு என்னும் இரண்டாம் பூட்டு

கோப்பு மீண்டுவிட்டது, திறந்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த குப்பை. தட்டு சரியாகப் படிக்கவில்லை என்று எண்ணி நல்ல கோப்பை அழித்தவர்கள் உண்டு. அக்கோப்பு பழைய எழுத்துருவில் அமைந்தது என்பதே உண்மை. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால் தட்டில் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். அவ்வெழுத்துரு இருந்தால் அம்மா தெரிவாள். இல்லையேல் ஐந்து குறிகளே தெரியும். சிவகாசி நிலையங்களில் பாமினியும் ஸ்ரீலிபியும் இன்னும் பலவும் வழங்கின. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு குறிமுறை. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்னும் தரங்களை அறிவித்தது. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தும், அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட இருபதாண்டுத் தமிழின் பெரும்பகுதி இப்பூட்டுக்குள் கிடக்கிறது. ஆகவே மீட்கும்போது எழுத்துருக் கோப்புகளையும் தவறாமல் மீட்க வேண்டும். பிறகு மாற்றி நிரல்களைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றி, மெய்ப்புப் பார்க்க வேண்டும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தாரும் தம் பழைய மின்னூல்களை ஒருங்குறிக்கு மாற்றியே தொடர வேண்டியிருந்தது.

கருவியின் எல்லை

2003 பிப்ரவரி முதல் நாள் கொலம்பியா விண்கலம் வானில் சிதறியது. அதிலிருந்த ஆய்வுக் கருவி ஒன்றின் வன்தட்டு டெக்சாஸ் மாநிலத்தில், வற்றிய ஏரிப்படுகையில், கருகிய உலோகக் கட்டியாகக் கிடைத்தது. கிரால் ஆன்ட்ராக் நிறுவனத்து வல்லுநர்கள் அதன் தட்டுகளை எடுத்துத் தூய்மை செய்து வேறு உறுப்புகளில் பொருத்தி, 99 விழுக்காடு செய்தியை மீட்டனர். செனான் வளியின் பாகுத்தன்மை பற்றிய அவ்வாய்வு 2008இல் வெளியாயிற்று. தட்டு கருகினாலும் நம்பிக்கை உண்டு என்பதற்கு இது சான்று. அத்தகைய தட்டை வீட்டில் திறக்கலாகாது என்பதற்கும் இதுவே சான்று.

சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி வகைக்கு மேற்கூறியவை முழுதும் பொருந்தா. அதில் அழித்த கோப்பின் இடத்தை இயங்குதளம் ‘டிரிம்’ என்னும் கட்டளையால் உடனே விடுவித்துவிடும். பிறகு ஃபோட்டோரெக் தேடினாலும் வெறுமையே கிட்டும்.

ஒரு மீட்பு

நம் மாணவர் அறிய வேண்டி, அண்மையில் கண்ணெதிரே நடந்த ஒன்றைக் கூறுகிறேன். சிவகாசி வடிவமைப்பு நிலையம் ஒன்றின் 500 ஜிபி தட்டு. அதில் திருமண அழைப்பிதழ்களும் பட்டாசு லேபிள்களும் போக, இவ்வட்டாரத்துத் தீப்பெட்டி ஒட்டும் பெண்களிடமும் நெசவாளர் குடும்பங்களிலும் மாணவியர் சிலர் திரட்டிய தாலாட்டும் ஒப்பாரியும், பாட்டுக்கு ஓர் எண்ணிட்டு, பாமினியில் தட்டச்சாகி இருந்தன. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போனமையின் இதுவே ஒரே படி. ஸ்மார்ட் பட்டியலின் 197ஆம் வரி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தட்டில் டக்கொலி இல்லை.

முதற்சுற்று ஓர் இரவில் முடிந்தது. 14 எம்பி மட்டும் வரவில்லை. இவ்வளவுதானே என்று நிலையத்தார் மகிழ்ந்தனர். 14 எம்பி என்பது ஏறத்தாழ இருபத்தெட்டாயிரம் பாத்தி என்று கணக்கிட்டுச் சொன்ன பிறகு காத்திருக்க இசைந்தனர். துருவலும் மறுமுயற்சியுமாக மேலும் மூன்று நாள் சென்றன. கோடையாதலால் தட்டுக்கு நேரே மின்விசிறி ஓடியது. முடிவில் 424 பாத்திகள் வரவில்லை. அடையாளச் சொல் இட்டுத் தேடியபோது பெரும்பாலான பழுதுகள் பழைய லேபிள் படங்களில் விழுந்திருந்தன. அவற்றைக் கேட்பார் இல்லை. பாட்டுக் கோப்பில் இரண்டே இடங்களில் அச்சொல் நின்றது: 41ஆம் பாட்டிலும் 57ஆம் பாட்டிலும்.

நிலையத்தார் ஒருவர், இரண்டையும் நீக்கி எண்களைச் சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டா என்று தடுத்தோம். 41ஆம் பாட்டின் தலைப்புக்குறிப்பு தப்பியிருந்தது. பாடியவர் பெயரும் ஊரும் அதில் இருந்தன. மாணவியர் இருவர் சென்று கேட்டனர். அம்மூதாட்டி இருந்தார், பாடியும் காட்டினார். முன்பு தட்டச்சான அடிகளுள் எஞ்சியவற்றோடு ஒப்பிட்டபோது இரண்டு அடிகள் வேறுபட்டன. பாடபேதமாக அடிக்குறிப்பில் சேர்த்தனர். 57ஆம் பாட்டுக்கு முதல் ஈரடிகளே மிஞ்சின. பாடியவர் பெயர் பழுதான பாத்திக்குள் போய்விட்டது. ஒருங்குறிக்கு மாற்றி அடித்த படியில் அவ்வீரடிக்குக் கீழே புள்ளிகள் இட்டுள்ளனர். அத்தாலாட்டு அறிந்தவர் இவ்வட்டாரத்தில் எவரேனும் இருப்பின் துறைக்குத் தெரிவிக்கலாம். தட்டின் படியும் குறிப்பேடும் இரண்டு இடங்களில் வைக்கப்பட்டுள்ளன.